டிவிக்குப் பின்னால் ஒரு கணினி

டிவியோடு சேர்த்து ஒரு கணினி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், பட்ஜெட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. என்ன பார்ப்பீர்கள் என்றுதான் கேட்பேன். நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார், யூடியூப் என்று பதில் வந்தால் பேச்சு அதோடு முடிந்தது. இந்தச் சேவைகளை டிவியில் காட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை வாங்கிச் செருகிவிட்டு நிம்மதியாக இருங்கள். அந்த வேலைக்கு அது கணினியைவிட மேல்.

விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கட்டணச் சேவைகள் தங்கள் முழுத் தெளிவைச் சான்று பெற்ற கருவிகளுக்குத்தான் கொடுக்கின்றன. லினக்ஸ் கணினியின் பிரவுசரில் வைட்வைன் என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு அதன் கடைசி நிலையில்தான் ஓடும். அதற்கு யாரும் 4கே தருவதில்லை. விண்டோஸ் என்றாலும் நெட்ஃபிளிக்ஸின் 4கே-க்கு எட்ஜ் பிரவுசர் அல்லது அவர்களுடைய செயலி, ஹெச்இவிசி என்ற வீடியோ வடிவத்துக்கான நீட்சி, ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பை ஏற்கும் திரை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அத்தனையும் கூடிவந்தால் கிடைப்பது, ஒரு ஸ்டிக் பெட்டியைப் பிரித்ததுமே கொடுப்பதுதான்.

4கே புளூ-ரே வட்டுகளின் கதை இன்னும் மோசம். அவற்றை அதிகாரபூர்வமான மென்பொருளில் ஓட்ட இன்டெல் பிராசசருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதி தேவைப்பட்டது. 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களிலிருந்து இன்டெல் அதை எடுத்துவிட்டது. ஆகவே பழைய கணினியில் முறைப்படி ஓடிய வட்டு, காசு கொடுத்து வாங்கிய புதுக் கணினியில் ஓடாது. இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு ஏறுவதில்லை.

அப்படியானால் இந்தக் கணினி யாருக்கு? சொந்தமாகக் கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு. எங்கள் வீட்டில் அது கல்யாண விசிடி, டிவிடிகளில் தொடங்குகிறது. அப்புறம் கடையில் வாங்கிச் சேர்த்த படங்களின் டிவிடிகள், அப்பாவின் கச்சேரி சிடிகள், எல்லோருடைய போன்களிலிருந்தும் வந்து குவியும் வீடியோக்கள். இவை எந்த ஓடிடியிலும் வரப்போவதில்லை. இவற்றையெல்லாம் ஒரே ரிமோட்டில், ஒரே பட்டியலில், அம்மாவும் தேடி எடுக்கும்படி வைக்க வேண்டும் என்பதுதான் தேவை. கோடி என்ற மென்பொருள் அதை அழகாகச் செய்கிறது. முதல் எக்ஸ்பாக்ஸ் காலத்தில் அந்த விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டு எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் வளர்ந்தது. 2014-இல்தான் இப்போதைய பெயர். விண்டோஸே தேவையில்லை, கணினி முழுக்கக் கோடி மட்டும் ஓடினால் போதும் என்றால் லிப்ரெஎலெக் இருக்கிறது. பென் டிரைவிலிருந்து நிறுவிவிடலாம்.

சரி, வன்பொருளுக்கு வருவோம். எல்லோரும் பிராசசரில் தொடங்குவார்கள். நான் டிவியில் தொடங்கி, கேபிள் வழியாகப் பின்னோக்கி நடக்கச் சொல்வேன். ஆனால் பிராசசரைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை முதலில் தீர்த்துவிட்டால்தான் மற்றது பேச முடியும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கணினிக் கடையில் என்னிடம் சொன்னார்கள்: "சார், 4கே-ன்னா கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம ஓடாது. ஜிடி 710 போட்டுக்குங்க, கம்மி விலைதான்." ஜிடி 710 என்விடியாவின் பழைய கெப்லர் காலத்துச் சில்லு. அதில் ஹெச்இவிசி-யைப் பிரித்துக் காட்டும் டிகோடரே கிடையாது. அதன் ஹெச்டிஎம்ஐ-யும் 1.4 ரகம். நான் கையில் வைத்திருந்த சிறு கணினியின் உள் கிராஃபிக்ஸ் இந்த வேலையில் அதைவிடப் பல படி மேல். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நினைக்கவில்லை. விளையாட்டுக்குப் பொருந்தும் கணக்கை வீடியோவுக்கும் போடுகிறார், அவ்வளவுதான்.

சுருக்கி வைத்த வீடியோவைப் பிரிப்பது பிராசசரின் பொதுவான கணக்கு வேலை அல்ல. சில்லுக்குள் அதற்கென்றே ஒரு தனிப்பகுதி இருக்கும். இடியாப்ப அச்சு போல அது ஒரே ஒரு வேலைக்கு ஆனது. அந்த வேலையில் அதன் வேகத்துக்கு வேறு எதுவும் நிற்காது. எந்த வடிவத்துக்கு அச்சு இருக்கிறதோ அது 2, 3 வாட்டில் ஓடும். இல்லாத வடிவம் வந்தால் முழுப் பிராசசரும் மூச்சு வாங்கும், விசிறி இரையும், அப்படியும் படம் தட்டும். ஆகவே பார்க்க வேண்டியது ஐ5-ஆ ஐ7-ஆ என்பதை அல்ல, எந்தத் தலைமுறை என்பதை.

இன்டெல்லில் இந்தக் கணக்கு தெளிவானது. 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறை ஹெச்இவிசி-யை 8 பிட்டில் மட்டும் பிரிக்கும். ஹெச்டிஆர், அதாவது ஒளியும் நிறமும் கூடுதல் வீச்சில் வரும் 4கே படங்கள் எல்லாம் 10 பிட் என்பதால் அது உதவாது. 7-ஆம் தலைமுறையில் 10 பிட் ஹெச்இவிசி-யும், யூடியூப் பயன்படுத்தும் விபி9 வடிவமும் வந்தன. 11-ஆம் தலைமுறையில் அதைவிடப் புதிய ஏவி1 வடிவம் வந்தது. 6-ஆம் தலைமுறை ஐ5 6500டி-க்கும் 7-ஆம் தலைமுறை ஐ5 7500டி-க்கும் பெயரில் ஓர் எண்தான் வித்தியாசம். ஹாலில் வைத்தால் ஒன்று குப்பை, மற்றது பொக்கிஷம்.

ஏஎம்டி பக்கம் கொஞ்சம் கவனம் வேண்டும். ரைசன் 5600ஜி வேகமான பிராசசர், ஆனால் அதன் வேகா கிராஃபிக்ஸுக்கு ஏவி1 தெரியாது. லேப்டாப் ரகத்தில் 6000 வரிசைக்கு மேல் போனால் பெரும்பாலும் தெரியும். ஆர்எக்ஸ் 6400 என்ற கார்டு 2022-இல் வந்தது. புதிது என்று நம்பி வாங்கினால் அதிலும் ஏவி1 இருக்காது.

ஏவி1 இப்போதே தேவையா? என் கோப்புகளில் அநேகமாக இல்லை. யூடியூபில் இருக்கிறது. அங்கே 1080பி-க்கு மேல் போனால் விபி9 அல்லது ஏவி1தான் கிடைக்கும்; பழைய ஹெச்.264 வடிவம் 1080பி-யோடு நின்றுவிடுகிறது. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் பை 4, பை 5 இரண்டிலும் இந்த இரண்டுக்குமே வன்பொருள் டிகோடர் கிடையாது. 2023-இல் வந்த பை 5-இல் ஹெச்.264 டிகோடரையும் எடுத்துவிட்டு, அந்த வேலையைப் பிராசசரிடமே விட்டுவிட்டார்கள். 1080பி-க்கு அது போதும். என்றாலும் வீடியோவுக்காகவே வாங்குபவருக்குப் பை 4-ஐவிட விலை கூடிய பை 5-ஐ நான் சொல்வதில்லை.

2023 ஜனவரியில் இன்டெல் என்100 வந்தபோது இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்தது. நான்கு சிறிய கோர்கள், 6 வாட் சில்லு, 10 பிட் ஹெச்இவிசி, விபி9, ஏவி1 எல்லாம் உண்டு. பெயர் தெரியாத நிறுவனங்கள்கூட இதை வைத்து உள்ளங்கை அளவு பெட்டிகளை விற்கின்றன. விளையாட்டுக்கு ஆகாது, வீடியோ எடிட்டிங் செய்தால் அழுகை வரும். ஹாலில் படம் பார்க்க இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 8 ஜிபி நினைவகம், 128 ஜிபி எஸ்எஸ்டி போதும். லிப்ரெஎலெக் மட்டும் என்றால் அதில் பாதிகூட மிச்சம்.

பழைய அலுவலகக் கணினிகளும் இப்போது யோசிக்கத் தக்கவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. அதனால் 7-ஆம் தலைமுறைக் குட்டி டெஸ்க்டாப்களை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. லிப்ரெஎலெக்குக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வாங்கும் முன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நான் பின்னோக்கி நடக்கச் சொன்னது இதற்காகத்தான்.

4கே டிவிக்கு நொடிக்கு 60 படங்கள் அனுப்ப ஹெச்டிஎம்ஐ 2.0 வேண்டும். 1.4-இல் 4கே போகும், ஆனால் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அந்தக் காலத்து இன்டெல் கிராஃபிக்ஸ், 8-ஆம் தலைமுறை வரைக்கும்கூட, நேரடியாகக் கொடுப்பது ஹெச்டிஎம்ஐ 1.4தான். 2.0 வேண்டுமென்றால் மதர்போர்டு தயாரித்தவர் நடுவில் ஒரு மாற்றிச் சில்லு வைத்திருக்க வேண்டும். அலுவலகக் கணினியில் யார் வைப்பார்கள்? அவற்றில் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் என்ற வேறு துளை இருக்கும். அதில் 4கே 60 வரும், ஆனால் டிவியில் டிஸ்பிளேபோர்ட் இருக்காது. இங்கேதான் மலிவான கேபிளை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு முனையில் டிஸ்பிளேபோர்ட், மறுமுனையில் ஹெச்டிஎம்ஐ என்று தொங்கும் சாதாரண கேபிள்கள் சிக்னலை மாற்றுவதில்லை, அப்படியே கடத்துகின்றன. அவற்றில் பழைய வரம்பேதான். உள்ளே சில்லு வைத்த, ஆக்டிவ் ரக அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை இரண்டு மூன்று மடங்கு. கணினியை மலிவாக வாங்கியதில் மிச்சமானது இதற்குப் போகட்டும்.

உங்கள் டிவி முழு ஹெச்டிதான் என்றால் மேலே சொன்ன எதற்கும் கவலை வேண்டாம். ஹெச்டிஎம்ஐ உள்ள எந்தப் பழைய கணினியும் ஓடும்.

அடுத்தது, கடையில் யாரும் பேசாத விஷயம்: டிவி நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பது. படங்கள் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகின்றன. வீட்டுக்கு வரும் கோப்புகளில் பல 23.976, துல்லியமாகச் சொன்னால் 24000-ஐ 1001-ஆல் வகுத்தது. டிவி 60 ஹெர்ட்ஸில் நின்றால் ஒரு சட்டத்தை இரண்டு முறையும் அடுத்ததை மூன்று முறையும் காட்டிச் சமாளிக்கும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அந்த நொண்டல் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது, கொடுத்துவைத்தவர்கள். தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு படத்திலும் தெரியும்.

இன்டெல்லின் 2011-ஆம் ஆண்டு சாண்டி பிரிட்ஜ் சில்லுகள் டிவிக்குக் கணினி வைப்பவர்களிடம் கெட்ட பெயர் எடுத்ததற்கு இதுதான் காரணம். 23.976 கேட்டால் அவை 24.000 கொடுத்தன. வித்தியாசம் அற்பம்தான், ஆனால் அது சேர்ந்துகொண்டே போய், ஏறக்குறைய 40 நொடிக்கு ஒருமுறை படம் ஒரு துள்ளு துள்ளும். இன்றைய சில்லுகளில் அந்தத் தொல்லை இல்லை. கோடியின் பிளேயர் அமைப்புகளில் திரையின் வேகத்தைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் போதும். படம் தொடங்கும்போது டிவி ஒரு நொடி கறுத்துத் திரும்பும், பயப்பட வேண்டாம்.

நம் ஊருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் கல்யாண டிவிடிகள் பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறையில் எடுக்கப்பட்டவை: 720க்கு 576, நொடிக்கு 50 அரைப் படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஒன்றில், இரட்டைப்படை வரிகள் அடுத்ததில். பழைய குழாய் டிவிக்கு அது சரி. தட்டைத் திரையில் அந்த இரண்டையும் சேர்க்கும் வேலையை யாராவது ஒழுங்காகச் செய்யாவிட்டால், மாலை மாற்றும்போது கைகள் கிடைக்கோடுகளாகக் கிழிந்து தெரியும். ஒவ்வோர் அரைப் படத்தையும் முழுப் படமாக்கி, டிவியை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் அந்தக் கால வீடியோ எடுப்பவரின் கேமரா அசைவு வழுக்கிக்கொண்டு போகும். இன்டெல் உள் கிராஃபிக்ஸ் இதை நன்றாகச் செய்கிறது. 4கே ஹெச்டிஆருக்காக வரிந்து கட்டும் பல பெட்டிகள் இந்த 576 வரி வீடியோவில் சொதப்புவதைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் அதிகம் ஓடுவது எது என்று யோசித்தால், தேர்வு தானாக முடிந்துவிடுகிறது.

கடையில் வாங்கிய தமிழ்ப் பட டிவிடிகளில் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையும் உண்டு, பால் முறையும் உண்டு. என் அலமாரியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. வேகத்தைத் தானாக மாற்றும் தேர்வு இருந்தால் நாம் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

ஒலி. "ஏன்டா, பேசுறது ஒண்ணும் கேக்கல, சண்டை மட்டும் காதைப் பொளக்குது" என்று அம்மா சொல்வது எங்கள் வீட்டில் மட்டும் கேட்கும் குரல் அல்ல. 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும். டிவியின் இரண்டு ஸ்பீக்கருக்குள் ஆறு சேனல்களையும் மடக்கும்போது வசனம் மற்றவற்றுக்குள் அமுங்குகிறது. கோடியில் மடக்கும்போது மூல ஒலியளவைக் காக்கும் தேர்வு ஒன்றும், நடு சேனலைத் தூக்கும் தேர்வு ஒன்றும் இருக்கின்றன. முதலில் அவற்றைத் தொட்டுப் பாருங்கள். பிறகு ஸ்பீக்கர் வாங்கலாம்.

ஸ்பீக்கர் வாங்குவதென்றால் அது எந்த வழியாக இணைகிறது என்பதுதான் கேள்வி. ஆப்டிகல் கேபிளில் சாதாரண இரண்டு சேனல் போகும், அல்லது சுருக்கிய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 போகும். ஏஏசி என்ற ஒலி வடிவில் வந்த 5.1 அதில் போகாது. கோடியில் டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்பும் தேர்வைப் போட வேண்டும். பல பழைய ஹோம் தியேட்டர் செட்டுகளுக்கு இந்த ஒரு தேர்வு உயிர் கொடுக்கும். டிவியின் ஏஆர்சி, அதாவது ஹெச்டிஎம்ஐ கேபிளிலேயே ஒலியை வெளியே அனுப்பும் வசதி வழியாக சவுண்ட்பாருக்குப் போனால் டால்பி டிஜிட்டல் பிளஸ் வரை வரும். புளூ-ரே தரத்து ட்ரூஹெச்டி வேண்டுமென்றால் டிவியிலும் சவுண்ட்பாரிலும் அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும், அல்லது ரிசீவரைக் கணினிக்கும் டிவிக்கும் நடுவில் வைக்க வேண்டும். தனி சவுண்ட் கார்டு எங்கும் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹெச்டிஎம்ஐ வழியாகப் போவது எண்கள்தான். அதை ஒலியாக்குவது அந்தப் பக்கத்துக் கருவி.

சூடும் சத்தமும். நம் வீடுகளில் டிவி ஷோகேஸுக்குள் இருக்கும், கணினியும் அங்கேயே ஒளிந்துகொள்ளும். மே மாதச் சென்னையில் கண்ணாடிக் கதவு மூடிய ஷோகேஸுக்குள் விசிறி இல்லாத பெட்டியை வைத்தால் அது தன்னைத் தானே வேகம் குறைத்துக்கொள்ளும். விசிறி இல்லாததற்கு நான் எதிரி அல்ல. வெளியே, டிவியின் முதுகில் மாட்டினால் அருமையாக ஓடும். பல சிறு பெட்டிகளோடு அதற்கான தகடும் வருகிறது. விசிறி உள்ளதென்றால் வருஷம் ஒருமுறை திறந்து தூசி தட்டுங்கள். வெதுவெதுப்பான பெட்டி எறும்புக்கும் பல்லிக்கும் பிடித்த இடம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஹார்டு டிஸ்க்கை ஹாலில் வைக்காதீர்கள். அமைதியான காட்சியில் அது கரகரவென்று அரைப்பது கேட்கும். வேறொரு அறையில், ரௌட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு லேன் கேபிளை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. 4கே புளூ-ரே தரத்துக் கோப்பு உச்சத்தில் 128 மெகாபிட் வரை கேட்கும். கிகாபிட் லேன் அதைச் சிரித்துக்கொண்டே தரும். ஆனால் பெரும்பாலான டிவிகளின் சொந்த லேன் துளை 100 மெகாபிட்தான். கோப்பை டிவியின் செயலியிலேயே ஓட்டப் பார்த்து, நடுநடுவே வட்டம் சுற்றுகிறது என்று வை-ஃபையைத் திட்டுபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

மின்சாரக் கணக்கு நம் ஊரில் தனி. சும்மா இருக்கும்போதே 50 வாட் தின்னும் பழைய டெஸ்க்டாப்பை நாள் முழுக்க ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், 60 நாளில் 72. தமிழ்நாட்டில் 2016-இலிருந்து கிடைத்துவரும் 100 யூனிட் இலவசத்தில் முக்கால் பங்கை இது ஒன்றே விழுங்கிவிடும். 10 வாட் பெட்டி என்றால் அதே 60 நாளுக்கு 14.4 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் இது இன்னும் உறைக்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழடுக்குகளின் விலையும் ஏறிவிடுகிறது, அந்த விளிம்பில் இந்த இரண்டு கணினிகளுக்கும் உள்ள 58 யூனிட் வித்தியாசம் சின்ன எண் அல்ல. சும்மா கிடக்கிற பழைய கணினியைப் போடலாமே, செலவே இல்லையே என்பவர்களிடம் நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

ரிமோட்டுக்குக் கடைசி இடம் கொடுத்தால் வீட்டில் யாரும் அந்தக் கணினியைத் தொட மாட்டார்கள். சோபாவில் கீபோர்டும் மவுஸும் வைத்துக்கொண்டு படம் பார்க்க எனக்கே பிடிக்காது, அப்பாவிடம் எப்படிக் கொடுப்பது? ஹெச்டிஎம்ஐ-யில் சிஇசி என்ற ஒரு கம்பி இருக்கிறது. டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளை அது மறுமுனைக்குக் கடத்தும். ராஸ்பெர்ரி பையில் அது உள்ளேயே உண்டு. அதன் மிகப் பெரிய பலம் அதுதான் என்பேன். சாதாரணக் கணினிகளிலும் கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் அநேகமாக இருக்காது. பல்ஸ்-எய்ட் என்ற நிறுவனம் அதற்காகவே ஒரு யுஎஸ்பி அடாப்டர் விற்கிறது. விலை கணினியின் விலையோடு ஒப்பிட்டால் கசக்கும். ஃபிளெர்க் என்ற யுஎஸ்பி ரிசீவரை வாங்கி, வீட்டில் கிடக்கும் ஏதாவது பழைய ரிமோட்டைப் பழக்கிக்கொள்வது மலிவு. அதைத்தான் செய்திருக்கிறேன். செத்துப்போன டிவிடி பிளேயரின் ரிமோட் இன்றும் எங்கள் ஹாலில் வேலை செய்கிறது. ஸ்டிக் ஒரு ஹெச்டிஎம்ஐ துளையில், என்100 பெட்டி இன்னொன்றில்.

முழு ஹெச்டி டிவி, சொந்தக் கோப்புகள் மட்டும், பட்ஜெட் இறுக்கம் என்பவருக்கு நான் சொல்வது பை 4. 4கே டிவி, எல்லா வடிவமும் ஓட வேண்டும் என்பவருக்கு என்100. டால்பி விஷன் என்ற ஹெச்டிஆர் வகை வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் கணினிப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

ஆனால் இவை எதையும் வாங்கும் முன்பு வாங்க வேண்டியது ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவ். கல்யாண விசிடிகளில் பெரும்பாலானவை ஸ்டுடியோவில் எழுதிக்கொடுத்த சிடி-ஆர். அவற்றின் சாயப்பூச்சு வெயிலிலும் ஈரத்திலும் கெடும். விசிடி-யில் இன்னொரு பலவீனமும் உண்டு. ஒரு வட்டில் 74 நிமிடம் அடைப்பதற்காக, கணினிக் கோப்புகளுக்கு இருக்கும் கூடுதல் பிழைதிருத்தத் தகவலை விட்டுவிட்டு அந்த இடத்திலும் வீடியோவையே நிரப்பினார்கள். அதனால் கோப்புகள் உள்ள வட்டு தாங்கும் கீறலை விசிடி தாங்காது. சாதாரணமாக இழுத்து நகலெடுத்தால் பாதியில் பிழை காட்டி நின்றுவிடும். மெதுவான வேகத்தில், மீண்டும் மீண்டும் முயன்று படிக்கும் மென்பொருளை வைத்து எடுக்க வேண்டும். ஒரு டிரைவில் படியாத வட்டு இன்னொன்றில் படிவதும் உண்டு, அதனால் நண்பர்களிடம் பழைய லேப்டாப் இருந்தால் அதன் டிரைவிலும் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் டாட் (.DAT) கோப்பை விஎல்சி என்ற மென்பொருள் அப்படியே ஓட்டும், மாற்ற வேண்டியதில்லை. இரண்டு இடங்களில் நகல் வைத்துவிட்டு, அப்புறம் ரிச்சி தெருவுக்குப் போகலாம்.